பட்டியலில் இல்லாத புலி

கண்டி நகர்த் தமிழ் வாசிகசாலை,
கண்டி.
8-2-1932

திருமதி இராஜேஸ்வரி அம்மாள்,
அழகர் பலசரக்குக் கடை மேல்மாடி, கட்டுகஸ்தோட்டை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் புதல்வி கோமதியை (வயது ஐந்தரை) எமது வாசிகசாலையின் 'பாலர் நேரத்தில்' சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம் கிடைத்தது. நாலாம் விதிப்படி அதில் தந்தையின் கையொப்பம் இருக்கவேண்டும். இல்லாதபடியால் திருப்பி அனுப்புகிறேன்.

அந்தத் தந்தை நானே என்பதும், விண்ணப்பம் என் மேசைமேல் இரண்டு நாள் கிடந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் தாங்கள் கேட்காமல் நானாகவே கையொப்பம் இடுவது முறையாகத் தோன்றவில்லை. தாங்கள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் நாலு மாதமாகிறது. அந்த உரிமை இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

பாலர் நேரம் 20-ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். பிள்ளைகள் கை கழுவி வரவேண்டும். தாயோ தந்தையோ கூடவே அமர்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது.

இங்ஙனம்,
வே. சண்முகநாதன்,
பொறுப்பாளர்.

* * *

கட்டுகஸ்தோட்டை,
11-2-1932

பொறுப்பாளர் ஐயா அவர்களுக்கு,

விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். தந்தை கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். தயவுசெய்து இடவும்.

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏழு வருஷமா வாயத் தொறக்காத மனுசன், நாலாம் விதின்னு எழுத மட்டும் கை வருதா?" என்றார். அவர் கடைக்காரர், அப்படித்தான் பேசுவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எப்படி என்று உங்கள் வீட்டில்தானே பழகினேன். அங்கே அறிவிப்புப் பலகை இல்லை. ஆனால் வாசிகசாலையை விட அமைதியாக இருந்தது.

கோமதிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி முடித்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு வாசிக்கக் கிடைப்பது அரிசி மூட்டையின் மேல் எழுதியிருப்பது மட்டும். அதனால்தான் விண்ணப்பித்தேன். வேறு காரணம் ஏதுமில்லை.

பிள்ளைகள் பேசக்கூடாது என்றால் கதையை யார் சொல்லுவது?

இப்படிக்கு,
இராஜேஸ்வரி

* * *

கண்டி,
15-2-1932

திருமதி இராஜேஸ்வரி அவர்களுக்கு,

கையொப்பம் இட்டாயிற்று. புள்ளியை அழிக்கவில்லை.

தாங்கள் எழுப்பிய கேள்வியைக் கமிட்டியின் முன் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தார்கள். அமைதி விதியை நீக்கினால் வாசிகசாலை சந்தையாகிவிடும் என்று தலைவர் செல்லச்சாமி சொன்னார். நீக்காவிட்டால் பாலர் நேரம் மரணவீடு ஆகிவிடும் என்று பொருளாளர் மக்கீன் சொன்னார். முடிவில், சனிக்கிழமை மூன்று மணி முதல் நாலு மணி வரை அமைதி விதி 'உறங்கும்' என்று தீர்மானம் நிறைவேறியது.

பெண்கள் தனியே அமர்வதற்கு வெள்ளைத் துணி கட்டப்படும். மக்கீன் அவர்களின் மனைவி ஹபீலா மடவளையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வருவதாக இருக்கிறார், துணி அவர் கேட்டுக்கொண்டது.

ஒரு சிக்கல். பாலர் பகுதிக்கென்று தலைவர் தாமே சென்னைக்கு எழுதி, குழந்தைகளைப் பற்றிய சிறந்த நூல்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஏழு நூல்கள் வந்திருக்கின்றன. நாலு மாந்த நோய் பற்றியவை. இரண்டு கக்குவான் இருமல் பற்றியவை. ஒன்று பிரசவம். கேட்டபடியே அனுப்பியிருப்பதால் திருப்ப முடியாது என்கிறார்கள். அவை பாலர் பகுதி என்று எழுதிய அலுமாரியில் அடுக்கப்பட்டு, பட்டியலிலும் ஏறிவிட்டன.

வாசித்துக் காட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆகவே நானே வாசிப்பேன்.

சண்முகநாதன்

* * *

கட்டுகஸ்தோட்டை,
22-2-1932

பொறுப்பாளர் அவர்களுக்கு,

சனிக்கிழமை நல்லபடியாக நடந்தது. பதினொரு பிள்ளைகள் என்று எண்ணினேன். துணிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பெண்கள். மடியில் இரண்டு கைக்குழந்தைகள்.

நீங்கள் வாசித்த கதையில், உடவத்தைக் காட்டில் குரலைத் தொலைத்துவிட்ட ஒரு புலி. அது கத்தப் போனால் காற்றுத்தான் வருகிறது. குரல் தேடி மலையிறங்கி வருகிறது. கோயில் மேளத்திடம் கேட்கிறது. பேராதனைச் சந்தியில் ரயில் இஞ்சினிடம் கேட்கிறது. இஞ்சின் தன்னுடைய பழைய ஊதலைக் கடனாகக் கொடுக்க, புலி அதை ஊதிப் பார்க்க, ஆட்கள் பயணப்பெட்டிகளோடு அதன் பின்னால் ஓடி வருகிறார்கள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டது.

ஹபீலா என் தோளைத் தொட்டு, "தங்கச்சி, ஒங்கட மாப்பிள எவ்வளவு வடிவாக் கத சொல்லுறாரு. வீட்டிலயும் இப்படித்தானா?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

கோமதி உங்களை அப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அதுதான் உங்கள் பதவி என்று நினைத்து, பதினொரு பேரும் அப்பா, அப்பா என்றார்கள். கமிட்டி இதைக் கவனத்தில் எடுக்கக்கூடும்.

அவள் அந்தப் புத்தகம் வேண்டும் என்று இரவும் பகலும் கேட்கிறாள். அங்கத்தவர் அட்டை இருக்கிறது. புலிக்கதைப் புத்தகத்தை இரவலாகத் தரவும்.

இராஜேஸ்வரி

* * *

கண்டி,
25-2-1932

கோமதியின் அம்மாவுக்கு,

மேற்படி புத்தகம் தற்சமயம் அட்டை கட்டுவதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வந்ததும் அறிவிக்கிறேன்.

தலைவர் சனிக்கிழமை பக்கத்து அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாராம். உடவத்தையில் புலி இருப்பதாக நகரசபையில் பதிவில்லை என்றும், வாசிகசாலை அப்படி ஒரு செய்தியைப் பரப்புவது சரியல்ல என்றும் எழுத்தில் தந்திருக்கிறார். அப்பா என்ற அழைப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது பொறுப்பாளரின் சம்பள நிலைக்குப் பொருத்தமில்லாத பட்டமாம்.

கோமதி இருமுகிறாள் என்று கவனித்தேன். கக்குவான் நூல் இரண்டும் இங்கே சும்மா இருக்கின்றன.

சண்முகநாதன்

* * *

கட்டுகஸ்தோட்டை,
14-3-1932

கோமதியின் அப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. நூல் தேவைப்படவில்லை.

புத்தகத்தை நான் மூன்று முறை கேட்டுவிட்டேன். முதலில் கட்டுவதற்குப் போயிருந்தது. பிறகு வெளியே கொடுக்க முடியாத வகையைச் சேர்ந்தது என்றீர்கள். போன வாரம், பட்டியலில் தேட வேண்டும் என்றீர்கள். நேற்று முன்தினம் துணியை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். உங்கள் கையில் இருந்தது மாந்த நோய் நூல். தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

ஐப்பசியில் கோமதிக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்ததே, நினைவிருக்கிறதா? நீங்கள் மருந்து வாங்கி வந்தீர்கள், விழித்திருந்தீர்கள், ஈரத்துணி மாற்றினீர்கள். குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் எனக்குப் பயம் தாங்கவில்லை. "ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கையில் இருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினீர்கள். காய்ச்சல் இறங்கின மறுவாரம் நான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்கும் இதுவரை காரணம் சொல்லவில்லை. பக்கம் திருப்பினார் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

உங்களுக்குப் பேச்சே வராது என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் இஞ்சினுக்கும் மேளத்துக்கும் தனித்தனிக் குரலில் பேசுகிறீர்கள். அவ்வளவு பேச்சு இருந்ததென்றால், அதில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போனது ஏன்?

இதற்குப் பதில் வேண்டும். விதி எண் போட்டு எழுத வேண்டாம்.

இராஜேஸ்வரி

* * *

கண்டி,
17-3-1932

இராஜேஸ்வரிக்கு,

புத்தகம் இல்லை. புலி பட்டியலில் இல்லை. முதல் நாள் அலுமாரியைத் திறந்தபோது பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாந்தத்தின் அறிகுறிகளை வாசிக்க வாய் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். கையில் புத்தகம் இருந்தால்தான் பேசலாம் போல இருந்தது, அதனால் பிடித்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நாலு தாள் கிழித்தேன். நீ ஒன்று கேட்டால் நான் சரியான சொல்லைத் தேடப் போகிறேன். அது கிடைப்பதற்குள் நீ அடுப்படிக்குப் போயிருப்பாய். பின்னால் வந்து சொல்ல வெட்கமாக இருக்கும். பிள்ளைகள் அப்படிக் காத்திருப்பதில்லை. "அப்பறம்? அப்பறம்?" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். தப்பான சொல் விழுந்தாலும் அவர்களுக்குச் சிரிப்புத்தான்.

காய்ச்சலின்போது, "இவளுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குத் தெரியாதே என்று நினைத்தேன். தெரியாததை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

துணிக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று தெரிந்துதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன்.

இன்னொரு செய்தி. பாலர் நேரத்தை இம்மாதத்தோடு நிறுத்துவதென்று கமிட்டி மூன்றுக்கு இரண்டு வாக்கில் தீர்மானித்துவிட்டது. மக்கீன் எதிர்த்தார். வாக்கில்லாத நானும் கையைத் தூக்கினேன், பதியவில்லை. இருபத்தாறாம் திகதிதான் கடைசி. அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க எனக்கு எந்த விதியும் கைகொடுக்காது. உன்னையும்.

சண்முகநாதன்

* * *

கட்டுகஸ்தோட்டை,
28-3-1932

கோமதியின் அப்பாவுக்கு,

கடைசி நாள் முப்பத்திரண்டு பிள்ளைகள். தலைவர் செல்லச்சாமியின் பேரனும் இருந்தான். நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ. வரவு குறைந்ததால் நிறுத்துகிறோம் என்று வாசலில் ஒட்டியிருந்த தாளை ஹபீலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எண்ணத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் கமிட்டியில இல்லயா?" என்று கேட்டார். அவருடைய கணவர்தான் பொருளாளர். துணிக்கு அந்தப் பக்கந்தான் நின்றார்.

புலியை மகாவலிப் பாலத்தின் கண்டிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாலு மணி ஆகிவிட்டது என்றீர்கள். பிள்ளைகள் எழும்பவில்லை. பாலத்தைக் கடந்ததா இல்லையா என்று கேட்டார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கோமதி பாலம் வந்ததும் எட்டிப் பார்த்தாள்.

தாய்மார்கள் பேசிக்கொண்டோம். அண்ணனின் கடைக்குப் பின்னால் சரக்கறை ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது. அண்ணனைக் கேட்டேன். "அந்த மனுசன் வாயத் தொறந்து பேசுறத நானும் பாக்கணும். சாக்கெல்லாம் தள்ளி வைக்கிறேன்" என்றார். மடவளையிலிருந்து ஹபீலா வருகிறார். ஆற்றங்கரைப் பக்கம் சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவார்கள். அவர்களுக்குக் கதை பாதி புரியும், இஞ்சின் முழுக்கப் புரியும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. கமிட்டி இல்லை. துணி கட்டுவோம், மற்றவர்களுக்காக. நான் துணிக்கு வெளியே, உங்கள் பக்கம் பிள்ளையோடு உட்காருவேன்.

அது பிள்ளைகளுக்கு.

நீங்கள் காலையிலேயே வாருங்கள். சாப்பிட்டுவிட்டு மேல்மாடியில் இருக்கலாம். புத்தகம் கொண்டு வர வேண்டாம். நான் கேட்பேன், நீங்கள் சொல்லைத் தேடுங்கள். அடுப்படிக்குப் போகமாட்டேன். அன்றைக்கு அண்ணி சமைக்கட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால், வரமாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

இராஜேஸ்வரி

* * *

கட்டுகஸ்தோட்டை,
26-4-1932

கோமதியின் அப்பாவுக்கு,

தபாலில் வந்த என் எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லோரும் சுகம். அண்ணன் கடையில் சாமான் வாங்க வருகிறவர்களுக்குப் புலி பாலம் கடந்த கதையைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று முன்தினம் ஞாயிறு நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று இருந்தேன். காலையிலிருந்து சமயம் பார்த்தேன். நீங்கள் உங்கள் அம்மாவின் சாவைப் பற்றிச் சொன்னீர்கள். பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் ஊர்வரை நடந்ததைச் சொன்னீர்கள். இடையில் நிறுத்தி, சொல்லைத் தேடி, ஒருமுறை கால்மணி நேரம் சும்மா இருந்தீர்கள். நான் அசையவில்லை. மறுபடி தொடங்கினீர்கள். அப்போது குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் கோமதியும் பெட்டியோடு கண்டிக்கு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருமாக இங்கே வந்து போகலாம், அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் இரண்டு கதிரையிலும் நீங்கள் புத்தகம் அடுக்கியிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். உட்கார ஆள் வருகிறது.

உங்கள்,
இராஜேஸ்வரி