கட்டி வைத்த கை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி தேவலாம்.

தம்பி விஷயம் வேறு யார் மூலமாகவோ உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையைத் தட்டித் தொந்தரவு செய்கிறான் என்று, பராமரிப்பு இல்லத்தில் அவன் வலது கையைச் சக்கர நாற்காலியோடு கட்டி வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக! பேச்சு வராதவனுக்கு, எழுத்துப் பலகையைத் தொட்டுக் காட்ட இருப்பது அந்த ஒரு கைதான். உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னைத் தனியே அழைத்து, "கையைக் கட்டினா வாயைக் கட்டின மாதிரிம்மா. இதைக் கேக்கச் சட்டம் இருக்கு. புகார் குடுங்க" என்றாள். கூடவே உட்கார்ந்து எழுதியும் கொடுத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. நோயாளிகளின் உரிமைக்கென்று இருக்கும் அலுவலகம். அங்கேயே வாசல் குறுகல். நாற்காலியின் கால்மிதியைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். இல்லத்தின் நிர்வாகி ஒரு தாளை நீட்டி, "அம்மாவே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார். என் கையெழுத்துதான். சேர்த்த அன்று, காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் போட்டது.

விசாரித்த அதிகாரியம்மா அதைப் படித்துவிட்டு, "இவருக்கு முப்பத்தொரு வயசு. இவரைக் கேட்டீங்களா?" என்றார். பிறகு தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பலகையைப் பிடித்தார். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டான். பத்து நிமிடம் இருக்கும். நிர்வாகி குறுக்கே பேச வந்தபோது கையமர்த்தினார்.

"தண்ணி கேட்டுத்தான் தட்டினேன்."

அதிகாரியம்மா அதைச் சத்தமாகப் படித்து எழுதிக்கொண்டார். இனிக் கட்டக்கூடாது, எந்தச் சிகிச்சைக்கும் முதலில் அவனையே கேட்க வேண்டும், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

வேறு யார்மேலாவது குறை உண்டா என்றும் கேட்டார். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியாது" என்று தொட்டான்.

உன்னிடம் என்ன ஒளிவுமறைவு? மணிக்கட்டில் தடிப்பை நான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்கு அழைத்துவர வேண்டியிருக்குமோ என்று பயம். இந்த வயதில் அவனைத் தூக்கி இறக்க எனக்குத் தெம்பில்லை.

அவனைச் சேர்த்தபோது, "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்றாய். கோபத்தில் போனை வைத்தவள் நான்தான். அதற்காக அவனைத் தள்ளிவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. பதில் சொல்ல அவனுக்கு நேரமாகும், பொறுத்திரு. பலகையை நான் பிடிக்கிறேன். அவன் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஓர் எழுத்தும் விடாமல் படித்துச் சொல்கிறேன்.

நீ நிறைவாக வாழ வேண்டும், கண்ணே.

உன் அம்மா