இருபத்தைந்தாவது மழைமானி

10 ஜூன் 2024, திங்கள்

எங்கள் மண் ஈர மாடலில் 'கோவிந்தா' என்று திரையில் அச்சிடும் ஒரு வரி இருக்கிறது. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எடுத்தால் புரோகிராம் பாதியில் நின்றுவிடும். "திருப்பதில கோவிந்தா சொல்லாம எது ஓடும்?" என்று சிரிக்கிறான் கூடப் படிக்கும் பிரபாகர். இன்று எடுத்துப் பார்த்தேன். நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12 ஜூன், புதன்

அகப்பட்டது. நினைவகத்தில் இருபத்துநான்கு மழைமானிகளுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கார்வேட்டிநகரத்து மானி பிறகு சேர்ந்தது. மானிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் லூப்பை இருபத்தைந்தாக்கியவர்கள் ஒதுக்கீட்டை மாற்றவில்லை. மிஞ்சிய எண்கள் பக்கத்தில் எதன்மேலோ விழுகின்றன. அந்தக் 'கோவிந்தா' வரி இருந்தால் நினைவகம் சற்று நகர்ந்து, புரோகிராம் பிழைக்கிறது. ஆனால் விழுவது நிற்கவில்லை — சாந்திபுரத்து மண் ஈரத்தின்மேல் விழுகிறது.

சாந்திபுரம்தான் எனக்கு மூத்த மாணவியான அகிலா அக்காவின் ஆய்வேடு. என்னை இந்த ஆராய்ச்சிப் படிப்பில் சேர்த்துவிட்டவள். அடுத்த வெள்ளி அவளுக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு.

13 ஜூன், வியாழன்

திருத்தி ஓட்டினேன். சாந்திபுரம் வருஷா வருஷம் வறள்கிறது என்பது அவள் முடிவு. வரைபடத்தில் இறங்கிக்கொண்டே போன கோடு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. மறுபடி ஓட்டினேன். அதேதான்.

எங்கள் இருவருக்கும் கைடான வேதாச்சலம் சாரிடம் காட்டினேன். "வைவா முடியட்டும்மா, அப்புறம் திருத்திக்கலாம். அவகிட்ட இப்ப சொல்லாதே." அதே வரைபடம் அவர் கட்டுரையிலும் வந்திருக்கிறது. எனக்கு இன்னும் மூன்று வருஷம் அவர் கையில்.

14 ஜூன், வெள்ளி

மழைமானி பார்க்கப் போன புத்தலப்பட்டு பஸ்ஸில் வழி முழுக்க அதே யோசனை. சொல்லாவிட்டால் அவளுக்குப் பட்டம், ஹைதராபாத்தில் வேலை. சொன்னால்? யாருக்காகச் சொல்லப்போகிறேன் — அவளுக்கா, என் நிம்மதிக்கா?

15 ஜூன், சனி

சொல்லிட்டேன்.

கேன்டீனில். அக்கா கையில் பிட்ட இட்லியை அப்படியே வைத்துவிட்டாள். "ஒரு வாரம் கழிச்சிக் கண்டுபுடிச்சிருந்தா உன் முடி கொட்டிடுமாடி?"

பிறகு மெதுவாக: "நகரியில தறிக்காரங்க அத்தினி பேருகிட்டயும் 'டாக்டர் அகிலா'ன்னு சொல்லிக்கினு கீறாரு எங்க நைனா. நீயே வந்து அவருகிட்ட சொல்லு, வா."

எழுந்து போய்விட்டாள்.

17 ஜூன், திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை. ஏண்டி கலை, வாயை மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா? என்னையே திட்டிக்கொள்கிறேன்.

19 ஜூன், புதன்

சார் கூப்பிட்டனுப்பினார். உள்ளே அக்கா நின்றிருந்தாள்.

"வைவாவைத் தள்ளி வைக்கச் சொல்றா. கட்டுரையையும் திருத்தணுமாம். நீ ஏதாவது சொன்னியாம்மா?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவ பொடிசு, அவளுக்கு என்னா தெரியும் சார்?" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமல். "என் வரைபடத்த நான் பாக்கமாட்டேனா? நானேதான் கண்டுபுடிச்சேன்."

"அப்படியா?" என்று சார் என்னையே பார்த்தார். தலையாட்டினேன்.

வெளியே வந்ததும், "மூணு வருஷம் இருக்குது உனக்கு. கம்முனு இரு" என்றாள். ஹைதராபாத் வேலை போய்விட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சாந்திபுரத்த முதல்லேர்ந்து ஓட்டணும், ரெண்டு பேருமா. துன்னியா எதனா?"

"இல்லக்கா" என்றேன்.

அதுவாவது உண்மை.