அந்த மாத்திரையை இனிமேல் போடாதே, அக்கா

அக்கா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி கீழ்வீட்டுத் தையல்காரரிடம் இருக்கிறது.

மருந்துக் கடையில் நீயாகவே வாங்கிய கருத்தடை மாத்திரை அட்டையை என் பையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். எடுத்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. "கல்யாணமே ஆகாதவ, உனக்கென்னடி தெரியும்?" என்று நேற்று கத்தினாய். தெரியாதுதான். அதனால்தான் கிளினிக் நர்ஸிடம் கேட்டேன். தலைவலிக்கு முன்னால் உன்னைப்போல் கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம் தெரிகிறவர்கள் இரண்டு ஹார்மோன் கலந்த இந்த மாத்திரையைப் போடவே கூடாதாம். பக்கவாதம் வரலாமாம். உனக்கு ஏற்ற வேறு வழிகள் இருக்கின்றனவாம். நாளைக்குச் சேர்ந்து போய்க் கேட்போம்.

குழந்தை போன பிறகு இன்னொன்றை நினைக்கவே நீ பயப்படுகிறாய் என்று தெரியும். இன்று அத்தான் வந்தால் ஆணுறை இல்லாமல் வேண்டாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

திடீரென்று பேச்சு குழறினாலோ, கைகால் மரத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ எனக்காகக் காத்திருக்காதே. தையல்காரரைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பி.கு.: அழுது அழுதுதான் கண்ணில் அந்த வெளிச்சம் வருகிறது என்றாயே. நேற்று நீ கதவைச் சாத்திய பிறகு நானும் வெகுநேரம் அழுதேன், அக்கா. எனக்கு எந்த வெளிச்சமும் வரவில்லை.