சிவப்பு நூல் கட்டிய சேவல்

சேத்தூர்
20.3.1987

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துப்பேச்சி வணங்கி எழுதுகிறேன். இங்கே அத்தைக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. வெள்ளைப் பசு சினையாக இருக்கிறது. அங்கே உங்களுக்குப் புண் ஆறிவிட்டதா, வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்கத்தான் ஆசை. கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதை, படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன கடிதத்தில், "கையெழுத்து உன்னுடையது, ஒரு வரிகூட உன்னுடையது இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தை மாதத்திலிருந்து புனா ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பிய மூன்று கடிதமும் அத்தை சொல்லச் சொல்ல எழுதியவை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதது எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாகப் போயிற்று. நீங்களோ, பாதிக் கால் போனவனோடு காலம் தள்ள உனக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது, கூமாப்பட்டிக்கு உன் அப்பா வீட்டுக்கே போய்விடு, நான் இங்கேயே ஏதாவது வேலை தேடிக்கொள்கிறேன், ஊருக்கு வரப்போவதில்லை என்று முடித்திருந்தீர்கள். அதை அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை. டிஸ்சார்ஜ் ஆக நாளாகும் என்று மட்டும் சொன்னேன். செய்த தப்போடு இந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது.

நான் வாய் திறக்காததற்குக் காரணம் உங்கள் கால் இல்லை. ஒரு சேவலின் கால். சிரிப்பு வந்தால் முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஆவணியில் லீவு முடிந்து பட்டாளத்துக்குப் போனதும், எங்களைப் பனிமலைக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதினீர்களே. அன்றைக்கே, நீங்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று கருப்பசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். குஞ்சுகளில் துடியானதாக ஒன்றைப் பிடித்து வலது காலில் சிவப்பு நூல் கட்டினேன். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். நேர்ந்தவர் கட்டிய நூலை மற்றவர் தொடக்கூடாது. குஞ்சு வளர வளர அவரேதான் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். சேவலைச் செலுத்துகிற மாசிச் சிவராத்திரிக்குள் நாலைந்து தடவையாவது அவிழ்க்க வேண்டிவரும்.

ஐப்பசியில் தங்கச்சி மாடத்தி கல்யாணத்துக்குக் கூமாப்பட்டி போனேன். பத்து நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்றரை மாதம் இருந்துவிட்டேன். உடம்புக்கும் ஒன்றுமில்லை, பஸ்ஸும் ஓடாமல் இல்லை. அம்மா கைச் சோறு, மறுவீட்டு விருந்து, வத்திராயிருப்பில் இரண்டு சினிமா. சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள். அந்த நூல் ஒரு நாள்கூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. நீங்களும் அதிகம் வரவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

திரும்பி வந்தபோது சேவல் வைக்கோல் படப்பின் ஓரத்தில் படுத்துக் கிடந்தது. நூல் சதைக்குள் புதைந்து வெளியே தெரியவில்லை. அதற்குக் கீழே பாதம் கறுத்துச் சுருண்டிருந்தது. அரை பிளேடால் நூலை அறுத்து எடுத்தேன். அது கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அத்தையிடம் நாய் கடித்துவிட்டது என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்த பன்னிரண்டாம் நாள், உங்களுக்குக் காலில் அடி என்று தந்தி வந்தது. பிறகு உங்கள் கடிதம். பூட்ஸை இறுக்கிக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது, ரத்தம் ஓடாமல் பனியில் பாதம் கறுத்துவிட்டது, வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அத்தைக்குப் படித்துக் காட்டியது நான்தான். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. இங்கே நான் இறுக்கியதுதான் அங்கே உங்கள் காலில் இறுகியிருக்கிறது என்று மனசில் விழுந்துவிட்டது. நூலைக் கட்டிய கையால் உங்களுக்கு என்ன எழுதுவேன்?

அந்தச் சேவலையாவது சாகவிடக்கூடாது என்று கூடையில் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் நான் ஒரு கோழியோடு நின்றேன். ஆட்டுக்காரர் ஒருவர், குழம்பு வைக்க வேண்டியதற்கு வைத்தியமா என்று கேலி செய்தார். டாக்டர் நல்ல மாதிரி. காய்ந்த பாகம் தானாக விழும், பிய்க்காதே, ஒரே வாக்கில் படுக்கவிட்டால் நெஞ்சு புண்ணாகும், திருப்பித் திருப்பி வை என்றார். நூலை யார் கட்டியது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிற பக்கத்து வீட்டு இருளம்மாள் துண்டுத்துணி கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் வெந்நீரில் கழுவி, வேப்பெண்ணெய் தடவிக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் கட்டு இறுகிவிட்டதோ என்று விரலை நுழைத்துப் பார்ப்பேன். இப்போது புண் ஆறி மொட்டைக் காலை ஊன்றி நிற்கிறது. கூவவும் ஆரம்பித்திருக்கிறது. முதலில் கழுத்தை நீட்டிக் கூவும்போதெல்லாம் நிலைதவறி விழுந்தது. எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்பது மாதிரி சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு அதுவே ஒரு வழி கண்டுபிடித்தது. இப்போது ஆட்டுரலில் சாய்ந்துகொண்டு கூவுகிறது.

நேர்ந்ததைச் செலுத்திவிட வேண்டும் என்று அத்தை சொன்னதால், சிவராத்திரிக்கு அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பூசாரி ராக்கப்பன் காலைப் பார்த்ததும் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். "ஊனப்பட்டது சாமிக்கு ஆகாது தாயி. இதச் சட்டியில போட்டுட்டு வேற கொண்டா" என்றார். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியவில்லை. "சாமிக்கு ஆகாட்டிப் போகட்டும். எனக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுச் சேவலை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில்தான் உறைத்தது, இந்த வார்த்தையை நான் முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று. அப்போதும் எழுதத் தைரியம் வரவில்லை. வீட்டை விட்டுப் போ என்று நீங்கள் எழுதிய பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதுவும் ஒரு வெட்கக்கேடுதான்.

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "நீ ஊருக்குப் போயிருக்கையில நானும் பாத்தேன்ட்டி, நொண்டுதுன்னு. நேந்தவ கட்டுன நூலத் தொடப்புடாதுன்னு விட்டுட்டேன்" என்றார். என்னைப் போலவே அவரும் இத்தனை நாள் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவரைக் கோபிக்காதீர்கள். என் தப்புக்கு அவரைப் பங்கு கேட்க நான் இதை எழுதவில்லை.

எது எதனால் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பட்டாளத்துக்காரர், இதெல்லாம் மூடத்தனம் என்று சொன்னாலும் சொல்வீர்கள். இல்லை, உன்னால்தான் என் கால் போயிற்று என்று திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். எதுவானாலும் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். புனாவில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். கூமாப்பட்டிக்கு நான் போகப்போவதில்லை. போய் இருந்தவரைக்கும் போதும். எந்த வண்டி என்று தந்தி கொடுத்தால் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்கிறேன்.

பூசாரி கேட்ட வேறு சேவலை நான் கொடுக்கவில்லை. இந்தத் தடவை உங்களுக்காக எதையும் நேர்ந்துகொள்ளவில்லை, எந்தக் காலிலும் எதையும் கட்டவில்லை. மெதுவாகவே நடந்து வாருங்கள் அத்தான். நான் பக்கத்திலேயே வருகிறேன்.

இதில் எல்லா வரியும் என்னுடையதுதான்.

முத்துப்பேச்சி