டோலோன் கணவாயில் தொலைந்த கியர்

அக்டோபர் 21, திங்கள்

காலையில் ஒரு மினிபஸ்ஸுக்குக் கிளட்ச், ஒரு காருக்கு ரேடியேட்டர். மதியம் என் மனைவி குல்பரா கட்டிக் கொடுத்த மந்திக் கொழுக்கட்டையைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், லாரி முதலாளி தெமிர்குலின் நீல லாரி பட்டறைக்குள் வந்தது. புது ஓட்டுநர் ஜானிஷ் வெளிறிய முகத்தோடு இறங்கினான்.

"அண்ணே, டோலோன் உச்சியில கியர் காணாமப் போயிடுச்சு. நான் எதையும் தொடல. நம்பர் வர்ற எடத்துல வெறும் கோடு. நல்லவேளை சமதரை. கொஞ்ச நேரங்கழிச்சு அதுவா வந்துச்சு."

சிரித்துவிட்டேன். "நீயும் புரூல் கதைய ஆரம்பிச்சிட்டியா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. புரூல் ஓட்டிய அதே லாரி.

மீதி மந்தி அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

பேட்டரி, ஃபியூஸ், எர்த், ஒயர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினேன். எல்லாம் சரி. பன்னிரண்டு கியரும் வெண்ணெய் மாதிரி விழுகின்றன.

பிப்ரவரியிலும் இப்படித்தான் இருந்தது. புரூல் இருபது டன் மாவு மூட்டையோடு டோலோனிலிருந்து நாரின் நகரப் பக்கம் இறங்கும்போது லாரி பனிச்சுவரில் மோதி நின்றது. கியர் தானாகப் போய்விட்டது என்றாள். தெமிர்குல் லாரியை இங்கே இழுத்து வந்தான். பார்த்துவிட்டு நான் எழுதியது இரண்டே வரி: "லாரியில் பழுதில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு." கீழே கையெழுத்து.

அவளுக்கு வேலை போயிற்று. வேறு யாரும் லாரி கொடுக்கவில்லை. லாரி நிற்கும் மைதானத்தில் அவளுக்கு "கியர் தொலைச்சவ" என்றே பெயர். சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

பழைய கோப்பை எடுத்தேன். பிப்ரவரியில் ஸ்கேனர் கொடுத்த தாள். என்ஜின் கம்ப்யூட்டர் ஒரே ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறது: கியர்பாக்ஸ் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் என் பேனா: "விபத்து நடந்த இடத்தில் பேட்டரியைக் கழற்றியதால் வந்தது."

அதற்குக் கீழே, அந்த நொடியில் லாரியின் வேகம்: 58.

பேட்டரி கழற்றிய லாரி 58-ல் ஓடுமா? முகாஷ், உனக்குக் கண் எங்கே இருந்தது?

அக்டோபர் 24, வியாழன்

ஜானிஷோடு டோலோன் ஏறினேன். வழியெல்லாம் ஒழுங்காக வந்தது. உச்சியில் என்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் குளிர்காற்றில் நின்றோம். மூக்கு மரத்துப் போனது. பிறகு கிளப்பச் சொன்னேன். முதல் கியர் விழுந்தது. சமதரையில் நூறு மீட்டர் குலுங்கிப் போயிருக்கும் — போர்டில் கோடு.

"அண்ணே! அண்ணே, பாத்தீங்களா! பேய் புடிச்ச வண்டி இது!"

"வாய மூடிட்டு சக்கரத்துக்குக் கட்டை போடு."

கியர்பாக்ஸுக்கு மேலே கையை விட்டு, கண்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்தேன். இருபத்துநாலு வோல்ட் வருகிறது. எர்த் நன்றாக இருக்கிறது. என்ஜின் கம்ப்யூட்டரோடு பேசும் ஒயரும் சரி. சாப்பாடு போகிறது, ஆனால் பெட்டி வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் நோய் பெட்டிக்குள்தான். எந்தக் கியர் எப்போது விழ வேண்டும் என்று சொல்வது அந்த ஒரு பெட்டி. அது மயங்கினால் கியர் நடுவில் வந்து நிற்கும். தன் மயக்கத்தை அதனால் எழுதி வைக்கவும் முடியாது.

இணைப்பைத் திரும்ப மாட்டினேன். பிளாஸ்கில் இருந்த சூடான தேநீரில் துணியை நனைத்துப் பிழிந்து பெட்டியின் மேல் போட்டேன். நாலு நிமிடம். "வந்துடுச்சு!" என்று ஜானிஷ் உள்ளிருந்து கத்தினான். துணியை எடுத்துவிட்டுப் பனியை அள்ளி வைத்தேன். போனது. மறுபடி துணி. வந்தது. மூன்று முறை.

முழங்காலில் இருந்தபடியே வெகுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டித் துண்டு அளவுகூட இல்லை. இருபது டன்னும் ஒரு பெண்ணின் பெயரும் இதன் மேல் தொங்கியிருக்கின்றன.

வெயிலில் சூடேறும்வரை காத்திருந்து, மெதுவாக இறங்கி வந்தோம்.

அக்டோபர் 29, செவ்வாய்

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து புதுப் பெட்டி வந்தது. கியரைத் தள்ளும் ஏர் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் பழையதைக் கழற்றினேன். அடியைத் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, போல்டுகளைக் குறுக்கு மறுக்காக முறுக்கினேன். லேப்டாப்பிலிருந்து லாரியின் சேசிஸ் நம்பரை அதற்குள் ஏற்றினேன்.

அடுத்து, புதுப் பெட்டிக்கு இந்தக் கியர்பாக்ஸைப் பழக்க வேண்டும். ஏர் நிரப்பி, பட்டனை அழுத்திவிட்டு விலகி நின்றேன். ட்டக். ஸ்ஸ். ட்டக். பிறந்த குழந்தை தன் விரல்களை மடக்கிப் பார்ப்பதுபோல அது ஒவ்வொரு கியராகத் தொட்டு, எவ்வளவு தூரம், எவ்வளவு அழுத்தம் என்று தானே அளந்துகொண்டது. இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த ஆறு நிமிடமும் அங்கேயே நின்று கேட்டேன்.

பிறகு பழைய பெட்டியை அறுத்துத் திறந்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. லென்ஸில், உள்ளே ஒரு பின்னைப் பற்றவைத்த ஈயத்தில் வட்டமாக ஒரு விரிசல். கண் இமை முடியைவிட மெல்லியது. குளிரில் சுருங்கி விலகும், சூட்டில் சேரும்.

அவ்வளவுதான். அவ்வளவேதான்.

அக்டோபர் 31, வியாழன்

கோச்கோர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் புரூல் லக்மன் நூடுல்ஸுக்கு மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"உக்காருங்க. ஒரு தட்டா, ரெண்டா?"

"புரூல், தப்பு உன் மேல இல்ல. கியரைப் போடுற பெட்டிக்குள்ள ஒரு விரிசல். நான்தான் பாக்கல."

மாவை மேசையில் ஓங்கி அடித்தாள். மூன்று முறை. பிறகு கேட்டாள்: "எவ்வளவு பெருசு?"

லென்ஸையும் பெட்டியையும் கொடுத்தேன். மாவுக்கையோடு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு உச்சியில ஒரு மணி நேரம் நின்னேன். ஒரு காரு பனியில மாட்டிக்கிட்டிருந்துச்சு, கயிறு கட்டி இழுத்துவிட்டேன். அப்புறம் எறங்குறேன், கியர் இல்ல. என்ஜின் பிரேக்கும் இல்ல. ஒம்போது கிலோமீட்டர் வெறும் கால் பிரேக்குல. கடைசியில அதுவும் எரிஞ்சு போச்சு. முன்னாடி ஒரு மினிபஸ். அதோட பின்கண்ணாடி வழியா தலைய எண்ணினேன், ஏழு. வண்டிய பனிச்சுவத்துல சாச்சுட்டேன்."

"எண்ணினியா? அந்த நேரத்துலயா?"

"வேற என்ன செய்ய இருந்துச்சு?"

எட்டு மாதம் இந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"மன்னிச்சிடுனு சொல்ல வந்தேன்."

"அது அப்புறம். தாள்ல எழுதித்தானே என்னைக் கெடுத்தீங்க? தாள்லயே எழுதுங்க. மைதானத்துல எல்லார் முன்னாடியும் நீங்களே படிங்க. லக்மன் ஆறுது, சாப்பிடுங்க."

நவம்பர் 2, சனி

படித்தேன். முப்பது ஓட்டுநர்கள் இருப்பார்கள். தெமிர்குல் இடையில் கத்தினான்: "யோவ் முகாஷ், உன் மானம் போறது பத்தாதா, என் மானமும் சேந்து போகணுமா?"

"ஆமா," என்றேன்.

ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். பிறகு இன்னொருத்தர். பெட்டி கைமாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் லென்ஸில் கண் வைத்துப் பார்த்தார்கள்.

நவம்பர் 7, வியாழன்

தெமிர்குல் தானே கோச்கோர் போய்ப் புரூலிடம் சாவியைக் கொடுத்திருக்கிறான். மூன்று நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். ஜானிஷுக்கு வேறு லாரி.

நவம்பர் 11, திங்கள்

வருகிறேன் என்றாள், ஒரு நிபந்தனையோடு. முதல் இறக்கத்தில் நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உச்சியில் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்தினாள். மைனஸ் பத்தொன்பது. பின்னால் இருபது டன் மாவு.

"பயமா இருக்கா, அண்ணே?"

"இருக்கு."

"எனக்கும்."

இறங்கினோம். எட்டு. ஏழு. ஆறு. கேட்ட இடத்தில் கேட்ட கியர் விழுந்தது. என்ஜின் முனகி லாரியைப் பிடித்து வைத்தது. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு என் ஜன்னலுக்குக் கீழே திறந்து திறந்து மூடியது. இதில்தானா? பிரேக் புகைய, கியர் இல்லாமல், இதிலா ஒன்பது கிலோமீட்டர்? ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தேன். சின்னக் கைகள்.

ஒரு வளைவில், "இங்கதான்," என்றாள். வேகத்தைக் குறைக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அவள் தனியாகச் சீன எல்லையில் இருக்கும் தோருகார்ட் பக்கம் போய்விட்டாள்.

இன்று மூன்று வண்டிகள். ஸ்கேனரை மாட்டும் முன்னால் மூன்று பேரையும் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றாவது ஆள் வண்டியை விட்டுவிட்டு மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதையும் கேட்டேன்.