மேலே என்ன கண்டாய், மச்சான்?

மச்சான்,

போன கிழமை என் மலைச் சப்பாத்துகளை பாரிஸில் லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். உன்னோடு போன பயணத்துக்குப் பிறகு கோபத்தில் அவற்றைப் போடவே இல்லை. அலுமாரிக்குள் கிடந்தே அடி கழன்றுவிட்டது. அவர் ஒன்றைக் கவிழ்த்துத் தட்ட, மேசையில் சிவப்பு மண் கொட்டியது.

"முசியே, இது எந்த நாட்டு மண்?" என்று பிரெஞ்சில் கேட்டார். முன்பின் தெரியாத மனிதர். மனதில் வந்ததை உடனே கேட்டுவிட்டார். நம் இருவருக்கும் அது ஏன் வரவில்லை?

2012 ஓகஸ்டில் நானும் மகளும் பாரிஸிலிருந்து அடிலெயிட்டுக்கு வந்தோம். நீ வாகனத்தின் பின்னால், படுத்துத் தங்கும் கரவன் வண்டியைக் கொழுவி, என் தங்கச்சியையும் உன் மகனையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு வடக்கே பிளிண்டர்ஸ் மலைத்தொடருக்கு விட்டாய். தங்கச்சி இடியப்ப உரலையும் விடாமல் கொண்டுவந்தாள். கங்காரு குறுக்கே பாயும்போதெல்லாம் நீ ஹோர்ன் அடிக்காமல், "கொஞ்சம் விலத்துங்கோ தம்பி" என்று மரியாதையாகக் கேட்டாய்.

இரண்டு நாள் உங்களோடு நானும் நடந்தேன். மூன்றாம் நாள் பொழுதுபட நீ சொன்னாய்: "நாளைக்கு உச்சி. ஏத்தம் கடுமை மச்சான். உன்ர முழங்காலுக்குச் சரிவராது. நீ கரவனோட நில்."

"என்ர முழங்காலைப் பற்றி உனக்கென்ன தெரியும்? முப்பது வருசம் குசினியிலை நிண்ட கால்."

"அதுதான் சொல்லுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிரெஞ்சோ சமையலோ ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானாகவே பழகினேன். எனக்கு ஏலாது என்று தீர்மானிக்க வேறு எவருக்கும் உரிமையில்லை. இன்றும் அதில் எனக்கு மாற்றமில்லை.

விடியும்போது கரவன் கதவு திறந்தது.

"அண்ணையை எழுப்பேல்லையோ?" என்று தங்கச்சி கேட்டாள்.

"படுக்கட்டும்" என்றாய்.

நான் விழித்துத்தான் கிடந்தேன். எழும்பி, "எங்கை வெளிக்கிட்டியள், நானும் வாறன்" என்று கேட்டிருக்கலாம். ஆனால் வெளிக்கிட்டு நிற்பவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்று, சின்ன வயதில் அதற்காகவே அடி வாங்கியவன் நான். மலையில் ஏறப்போவது என் பிள்ளையும்தான். வாயை மூடிக்கொண்டேன். விழித்திருந்தவனை எழுப்பாமல் போனது உன் பிழை.

பின்னேரம் நீங்கள் முகமெல்லாம் தூசியாக வந்து சேர்ந்தீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். நீதான் பக்கத்தில் வந்து குந்தினாய்.

"மேலை என்ன இருந்தது எண்டு கேளன் மச்சான்."

"எனக்குத் தேவையில்லை."

அதன் பிறகு ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சின் முடிவிலும் நீ அதையே சொன்னாய், நானும் அதையே சொன்னேன். மகளிடமும் மலைப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் அறியும் ஆவல் என்னைத் தின்றது. நூலகத்தில் அந்த மலைகளின் படப் புத்தகத்தை மூன்று தரம் இரவல் எடுத்தேன். படத்தில் மலை இருந்தது. நீ கண்டது இருக்கவில்லை.

நீ கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. சப்பாத்துக் கடையிலிருந்து வந்ததும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு மேலை அவன் என்ன கண்டவன்?"

"அண்ணை, அவர் மேலை போகேல்லை. பாதியிலை ஒரு கல்லிலை என்னோட இருந்திட்டார். வளந்த பிள்ளையள்தானே, அவை போகட்டும் எண்டார். அதிலையிருந்து பாத்தால் கரவன் தெரியும். நீங்கள் காஞ்ச ஆத்துக்கை குனிஞ்சு குனிஞ்சு நடந்தியள். 'உவன் என்னத்தையோ கண்டுபிடிச்சிட்டான், பாரன். சொல்லுறானோ பாப்பம்' எண்டு சிரிச்சவர்."

பொய்யன். நான் கேட்டிருந்தால் என்னத்தைச் சொல்லியிருப்பாய்?

சரி, நான் சொல்லுகிறேன். அந்த வறண்ட ஆற்றில் ஒரு தட்டைக் கல் கண்டேன். அதன் மேல் முழுக்க அலைவரி. கடல் வத்தித் தண்ணீர் இறங்கிப்போன பிறகு, ஊரில் சாட்டிக் கடற்கரை மணலில் சின்ன வயதில் நாம் காலால் அழித்து விளையாடினோமே, அதே வரி. கையை விரித்து வைத்தேன். விரல்கள் பள்ளங்களில் சரியாகப் பொருந்தின. கடலே இல்லாத அந்தக் காட்டில், நிலம் மலையாய் எழும்புமுன் அங்கே அலை அடித்திருக்கிறது. அதை உன்னிடம் காட்டத்தான் முதலில் நினைத்தேன். நீயே வந்து கேட்கட்டும் என்று கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவந்தேன்.

எழுப்பாமல் போனதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

கடைக்காரர் மண்ணைத் துடைக்கத் துணியை எடுத்தார். தடுத்து, ஒரு கடதாசியில் மடித்து வாங்கிக்கொண்டேன். சப்பாத்து புதன்கிழமை கிடைக்கும். இந்த ஓகஸ்டில் வருகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். உச்சி எனக்கு வேண்டாம். நீ இருந்த அந்தப் பாதிவழிக் கல்லை அவள் காட்டினால் போதும். அதில் இருந்து கீழே பார்க்க வேண்டும், மச்சான். அங்கிருந்து நான் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தேன்?