கிளாத்தி இல்லாத பாறை

என் அன்பு ராசு அண்ணனுக்கு,

நாம் மீன்பிடிக்கும் கடலடிப் பாறையை மொட்டையாக்கியது நம் படகுச் சங்கம். இப்போது பழியை, முள்ளுருண்டையாய்ப் பாறையில் ஒட்டி வாழும் கடல் முள்ளெலியின் மேல் போட்டுவிட்டு, அதைக் கொல்லும் வேலைக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. நீ சிரிக்கிற படம், கீழே மலையாளத்தில் ‘நினைவு நாள் கடல் சேவை’. ஞாயிற்றுக்கிழமை படகில் போய், கடலடிப் பாறையில் அப்பியிருக்கும் முள்ளெலிகளைச் சுத்தியலால் நசுக்கப் போகிறார்களாம். படகின் அடி விசிறியில் சுற்றிய வலையை அறுக்க உன்னைத் தண்ணீரில் இறக்கியவர்கள், மேலே வந்து நீ சொன்னதை ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததில் சந்தோஷம். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

படுக்கையில் கிடந்தபோதும் நீ இதைத்தானே சொன்னாய்? முள்ளெலி அந்தப் பாறையில் எப்போதும் உண்டு. உடைத்துத் தின்னக் கிளாத்தி மீனும் சிங்கி இறாலும் இருந்தவரை, அது இடுக்கைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. மழை முடிந்ததும் கடற்பாசி முழங்காலளவு எழும்பும். குஞ்சு மீன்கள் அதற்குள் ஒளியும். பிறகு இறால் நட்சத்திர ஓட்டலுக்குப் போனது. நாம் தின்னாத கிளாத்தி மீன்பொடி மில்லுக்குப் போனது. பயம் விட்ட முள்ளெலி வெளியே வந்து பாசியை அடியோடு மேய்ந்தது.

ஒரு மூலையில் நீயே முள்ளெலிகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தாய். பாசி துளிர்த்தது. அடுத்த மழைக்குள் பக்கத்தில் இருந்தவை ஏறி வந்து அதையும் வழித்துவிட்டன. அதற்குப் பிறகுமா சுத்தியல்?

நேற்று சங்க ஆபீசுக்குப் போனேன். செயலாளர் வர்கீஸ் சேட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார்.

“எந்தா மோளே, அண்ணன் பேர்ல நல்ல காரியம் செய்றோம். சண்டைக்கு வந்திருக்கியே?”

“கிளாத்தியெல்லாம் வாரினது யாரு சேட்டா? முள்ளெலியா?”

“பாத்தீங்களா, முள்ளுக்கு வக்கீல் வந்தாச்சு!”

ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்க. அந்தப் பாறையில இனி வலையும் இறால் கூடும் போடமாட்டோம்னு சொல்லிட்டுச் சிரிங்க.”

“நாம நிறுத்தினா வேற ஊர்ப் படகு வந்து வாரிட்டுப் போகும் மோளே” என்றார் சேட்டன்.

அது பொய்யில்லை, அண்ணா. அதற்காக நாமே முந்திக்கொண்டு வழித்தெடுப்பதா? வேறு ஊர்க்காரர்களிடமும் போய்ப் பேசத்தானே சங்கம்?

ஞாயிறு காலை நான் ஜெட்டியில் நிற்பேன். அந்தப் பாறையில் மீன்பிடிப்பதை விடாதவர்களை, உன் படத்தை வைத்துக்கொண்டு படகேற விடமாட்டேன். உனக்கு நான் தரும் வாக்கு இது.

எல்லோரும் படிக்க இந்தக் கடிதத்தை வெளியிடுகிறேன்; சங்கத்திடம் மறுபடியும் கேட்கிறேன்: அந்தப் பாறையில் மீன்பிடிப்பதை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா?

உன் கூடப்பிறந்தவள்,
மட்டாஞ்சேரி